சத்தமில்லாமல் மூன்று பெற்றவள்

"மூணு பிள்ள பெத்தேன். மூணுக்கும் இந்த வாயிலருந்து ஒரு முக்கல் முனகல் வெளிய வரல. 'வலிக்குது'ன்னு அய்யம்மா சொல்லி எவளாச்சும் கேட்டிருந்தா, இந்தா, காத அறுத்து இந்த மல்லிச் செடியில தொங்க விடுறேன்."

தாடிக்கொம்புக்குக் கிழக்கே உள்ள மல்லிகைத் தோட்டத்தில், இடுப்பில் மடி கட்டி மொட்டுப் பறித்துக்கொண்டே அய்யம்மாள் வெளியிட்டு வந்த பிரகடனம் இது. வெயில் ஏறுவதற்குள் பறித்து முடிக்க வேண்டும் என்பதால் சுருக்கமாகத்தான் வெளியிடுவாள். பக்கத்துப் பாத்திப் பெண்கள் தலையை நிமிர்த்தாமலே "ஆமாக்கா" என்று வழிமொழிவார்கள். அறுபடப்போவது யாருடைய காது என்று ஒருத்தியும் விளக்கம் கேட்டதில்லை. பெரிய மனிதர்கள் அறிக்கை விடும்போது விளக்கம் கேட்பது மரியாதையாகாது.

அய்யம்மாள் பிள்ளை பெற்ற காலத்தில் அந்த ஊரில் பிரசவம் என்பது ஒரு பரீட்சை. உள்ளே ஒருத்தி எழுதுவாள். வெளியே வாசலில் ஏழெட்டுப் பெண்கள் வெற்றிலையை மென்றுகொண்டு காதாலேயே திருத்துவார்கள். பிறந்தது ஆணா பெண்ணா என்ற சேதியோடு, பெற்றவள் எப்படிப் பெற்றாள் என்ற சேதியும் சீனியோடு சேர்ந்து வீடு வீடாகப் போகும். வாயை மூடிப் பெற்றவளுக்கு நல்ல பேர். கத்திப் பெற்றவளுக்குப் பட்டப்பேர். மேலத்தெருவில் ஒருத்திக்குச் 'சங்கு' என்று வைத்தார்கள். அவள் மகன் மீசை வைத்து, வேலைக்குப் போய், கல்யாணமும் முடித்துவிட்டான். இன்றைக்கும் அவன் 'சங்கு மகன்'தான். கல்யாணப் பத்திரிகையில் மட்டும் போடவில்லை.

இந்தப் பரீட்சையில் மூன்று முறை எழுதி மூன்று முறையும் முதலிடம் பிடித்தவள் அய்யம்மாள். கூடவே இருந்து பிரசவம் பார்த்த மாமியாரே வெளியே வந்து, "எம் மருமக வாயத் தொறக்கல" என்று அறிவித்த பிறகு மேல்முறையீட்டுக்கு இடமேது?

பேர் வந்தால் பதவி வராமலா இருக்கும். ஊரில் எவளுக்கு இடுப்புவலி எடுத்தாலும் வேனில் முதல் ஆளாக அய்யம்மாளை ஏற்றினார்கள். பிள்ளையை வாங்க நர்சு இருக்கிறார், தொப்புள்கொடியை அறுக்கக் கத்தரிக்கோல் இருக்கிறது. வாயை அடைக்க ஓர் ஆள் வேண்டாமா? அரசாங்கம் இன்னும் உருவாக்காத அந்தச் சத்தம் அடக்கும் உத்தியோகத்தை அய்யம்மாள் சம்பளமில்லாமல் பார்த்தாள். "ஏடி, உன்னையத் தவிர உலகத்துல எவளும் பெக்கலையா? பல்லக் கடி. ரோட்டுல போற பஸ்ஸெல்லாம் நின்னு பாக்குது." அவள் நின்ற இடத்தில் சத்தம் படிந்துவிடும். பதிலுக்கு வெற்றிலை பாக்கும் ஒரு ரவிக்கைத் துணியும் கிடைக்கும். பெட்டியில் துணிகள் சேர்ந்துகொண்டே போயின.

ஆஸ்பத்திரிகளும் இந்த விஷயத்தில் ஊருக்குச் சளைத்தவையல்ல. மேசையில் கிடந்து கத்துகிறவளிடம் அங்கே ஒரு கேள்வி கேட்பார்கள். புருஷனைப் பற்றிய கேள்வி. அச்சில் ஏற்ற முடியாது. பிள்ளை பெற்ற எல்லோருக்கும் மனப்பாடம். கேள்வியோடு தொடையில் ஓர் அடியும் விழும். கத்துவது மானக்கேடு என்றது ஊர். கத்துவது திமிர் என்றார் நர்சு. வலித்தால்தான் பிள்ளை வரும், அது இயற்கை என்றார் பெரிய டாக்டர்; அவர் ஆம்பளை, இயற்கையை நன்றாகப் படித்தவர். நாட்டு வைத்தியமும் இங்கிலீஷ் வைத்தியமும் எதிலுமே ஒத்துப்போனதில்லை என்று சிலர் எழுதுகிறார்கள். தவறு. வலிக்கிறவள் வாயை மூட வேண்டும் என்பதில் இரண்டுக்கும் கடுகளவு கருத்து வேறுபாடு இருந்ததில்லை.

இப்படிப்பட்ட அய்யம்மாளுக்கு மணிமேகலை மூத்த மகளாகப் பிறந்ததுதான் விந்தை. அவளுக்குக் கால் விரல் வாசற்படியில் இடித்தால், எந்தக் கால், எந்த விரல் என்பது தெருக்கோடி வரைக்கும் தெரியும். வாய் மூடாது. "யம்மா, கேட்டியா சேதிய" என்று காலையில் ஆரம்பித்தால், தூக்கத்தில்தான் பாதியில் நிற்கும். "எங்கிட்டருந்து வந்ததுன்னு சொல்லாதீக, ஆஸ்பத்திரியில மாத்திக் குடுத்துட்டாக" என்பாள் அய்யம்மாள். மணிமேகலை பிறந்தது வீட்டில். இருந்தாலும் சொல்லுவாள். மகள் பேச்சைக் கேட்டுக்கொண்டே பறித்தால் மொட்டு தானாக மடியில் விழுகிறது என்று, மகள் இல்லாத நேரத்தில் மட்டும், ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

மணிமேகலையை வடமதுரைக்குக் கட்டிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை கண்ணுசாமி காய்கறி ஏற்றும் மினி வேன் ஓட்டுகிறவன், தங்கமானவன். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள், ஒருநாள் அடுப்படியில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு கேட்டாள்.

"யம்மா, எனக்குப் பயமா இருக்கு. நான் கத்திருவேன்."

"கத்துவ, கத்துவ. அய்யம்மா மகளா இப்பிடின்னு ஊரே சிரிக்கும். எம் பேரக் கெடுத்துராத தாயி."

"ஒனக்கு வலிக்கவே இல்லையாம்மா?"

 சட்டியில் வெஞ்சனம் அடிப்பிடிக்கிற வாடை வந்தது. அய்யம்மாள் எழுந்து போய்க் கிளறிவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டே, "வலிச்சாத்தான சொல்லுவேன்" என்றாள்.

மணிமேகலை நம்பினாள். அந்த வீட்டில் அம்மா சொல்லி யாரும் நம்பாதது ஒன்றுமில்லை.

வலி எடுத்ததும் திண்டுக்கல் டவுனில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பேர் வேண்டாம், எந்தப் பேரைப் போட்டாலும் கதை மாறாது. அந்நாளில் டவுன் ஆஸ்பத்திரிகளில் பிரசவ அறைக்குள் துணைக்கு ஆளை விடமாட்டார்கள். கதவருகில் அய்யம்மாள் ஓர் ஈரிழைத் துண்டை முறுக்கி, முடிச்சுப் போட்டு, மகள் கையில் திணித்தாள்.

"வலி வந்தா இதக் கடிச்சுக்க. ஒங்கம்மாவ நெனச்சுக்க."

உள்ளே பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் பேகம்பூரிலிருந்து வந்த பாஸிலா. அவளுக்கு வாயடக்கம் கற்றுக்கொடுக்க அங்கே யாரும் இல்லாமல் போனார்கள். "யா அல்லா! அம்மா! நான் செத்தேன்!" என்று ஆரம்பித்து, தன் மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் தோல் மண்டி, அந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்த தரகர் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு வலிக்கும் ஒன்றாகச் சபித்தாள். கட்டடம் அதிர்ந்தது. நர்சுகள் திட்டிக்கொண்டே ஓடினார்கள். திட்டினார்கள்தான், ஆனால் ஓடினார்கள்.

வெளியே பெஞ்சில் அய்யம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காதர் பீவி, பாஸிலாவின் தாயார், மகள் கத்தும்போதெல்லாம் தானும் துப்பட்டியை இழுத்து மூடிக்கொண்டு ஓதினாள். அய்யம்மாளுக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"எம் மகளும் உள்ளதான் இருக்கா" என்றாள் அய்யம்மாள். "சத்தம் கேக்குதா பாருங்க."

காதர் பீவி காதைக் கொடுத்துக் கேட்டாள். "கேக்கலையேம்மா."

"அம்புட்டுத்தான்." அய்யம்மாள் முந்தானையை உதறி உட்கார்ந்தாள். "எங்க வளப்பு அப்பிடி."

"எனக்குக் கேட்டுக்கிட்டே இருக்கணும்மா" என்றாள் காதர் பீவி. "கத்துற வரைக்கும் புள்ள இருக்கான்னு நெஞ்சுல ஒரு தெம்பு."

ஐயோ பாவம், நகரத்து ஜனங்கள், விவரம் பத்தாது என்று அய்யம்மாள் நினைத்துக்கொண்டாள். தன் வாழ்நாளிலேயே அவள் மிகவும் பெருமையாக உட்கார்ந்திருந்த நேரம் அதுதான்.

உள்ளே நடந்ததைப் பிறகு பாஸிலாதான் சொன்னாள். நர்சு இரண்டு முறை மணிமேகலை பக்கம் வந்து, "என்னம்மா, ஒனக்கு எப்பிடி? ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டிருக்கிறார். வாயில் துண்டோடு மணிமேகலை இல்லையென்று தலையாட்டியிருக்கிறாள். "இவளுக்கு இன்னும் நேரம் கெடக்கு" என்று சொல்லிவிட்டு அவர் கத்துகிறவளிடம் போய்விட்டார். சத்தத்தை வைத்து நேரம் பார்ப்பது அந்தக் கூடத்தின் வழக்கம். சத்தம் போடாத கடிகாரத்தை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

யாரோ போர்வையை விலக்கியபோது விரிப்பெல்லாம் ரத்தம். உள்ளே கர்ப்பப்பை கிழிந்திருந்தது. அதை எடுத்துத்தான் மணிமேகலையின் உயிரைக் காப்பாற்றினார்கள். பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லை. ஆண் பிள்ளை, தலை நிறைய முடி. அழவே இல்லை. அய்யம்மாள் வம்சத்திலேயே சுத்தமாகச் சத்தம் போடாமல் வந்தவன் அவன் ஒருவன்தான்.

மறுநாள் டாக்டரம்மா வந்து கட்டிலருகே நின்றார். கோபமில்லாமல், நிஜமாகவே புரியாமல் கேட்டார். "ஏம்மா, இம்புட்டு வலியிலயும் ஒரு சத்தம்கூடப் போடலையே நீ. ஏன்?"

 மணிமேகலை தலையைத் திருப்பி, கால்மாட்டில் கஞ்சி டம்ளரோடு நின்றுகொண்டிருந்த அம்மாவைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

அன்றோடு அம்மாவிடம் பேச்சு நின்றது.

சண்டை போட்டாள் என்று சொல்ல முடியாது. நல்ல நாள், பொல்ல நாளுக்கு வருவாள். கண்ணுசாமியிடம் பேசுவாள், கடைசித் தம்பி அழகுராஜாவிடம் சிரிப்பாள், தெருப் பெண்களிடம் "கேட்டியா சேதிய" என்று ஆரம்பிப்பாள். அய்யம்மாள் வந்து உட்கார்ந்தால் சேதி அந்த இடத்திலேயே நின்றுவிடும். சோறு வைக்கும்போது, "போதுமா?" என்று அய்யம்மாள் கேட்பாள், மகள் இலைக்கு மேல் கையை விரித்துக் காட்டுவாள். போன் போட்டால், "நல்லாருக்கா அத்தை, இந்தா பக்கத்துலதான் இருக்கா" என்பான் கண்ணுசாமி. பக்கத்தில்தான் இருப்பாள். மூச்சு விடுவதுகூடக் கேட்கும். அய்யம்மாள் அந்த மூச்சைக் கேட்பதற்காகவே போனை வைக்காமல் வைத்திருப்பாள். ஊரில் எத்தனையோ பெண்களுக்கு வாயை மூடக் கற்றுக்கொடுத்தவள்தான். இத்தனை சுத்தமாகக் கற்றுக்கொண்டது அவள் மகள் மட்டுமே.

இதற்குப் பிறகு அய்யம்மாள் பிரகடனத்தை நிறுத்திவிட்டாள் என்று எழுதத்தான் ஆசை. நிறுத்தவில்லை. முன்னைவிட உரக்கச் சொன்னாள். தோட்டத்தில் யாரும் கேட்காமலே சொன்னாள். "வலிச்சாத்தான சொல்லுவேன்" என்பது பொய் என்று ஆகிவிட்டால், அந்தப் பிள்ளை செத்ததற்கு விதியைத் தவிர வேறு ஆளைத் தேட வேண்டியிருக்கும். தேடிப் போனால் வெகுதூரம் போக வேண்டியதில்லை என்பது அவளுக்குத் தெரியும். பக்கத்துப் பாத்திப் பெண்கள் இப்போது "ஆமாக்கா" சொல்வதில்லை. குனிந்து வேகமாகப் பறித்தார்கள்.

இந்த நிலையில்தான் அழகுராஜா கல்யாணம் முடித்து, பானுப்ரியா மருமகளாக வந்தாள். டவுனில் ஜவுளிக்கடையில் கணக்குப் பார்க்கிறவள். தாயில்லாத பெண் என்பதால் பிரசவம் மாமியார் வீட்டுப் பொறுப்பு. மாசமாக இருக்கும்போது ஒருநாள் பக்குவமாக ஆரம்பித்தாள்.

"அத்தை, நான் முதுகுல ஊசி போட்டுக்கிடலாம்னு இருக்கேன். வலி தெரியாதாம். டாக்டரே சொன்னாக."

அய்யம்மாள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "வலி தெரியாமப் பெத்தா அது புள்ளையா, கடையில வாங்குன சாமானா?"

"போன மாசம் பல்லுப் புடுங்குனப்ப நீங்க ஊசி போட்டுக்கிட்டீகளே அத்தை."

"அது பல்லுடி."

"பல்லு பெருசா, புள்ள பெருசா?"

அய்யம்மாள் வாதத்தில் தோற்பது அபூர்வம். தோற்றால், "என்னமும் செஞ்சுக்கங்க, எங்க காலத்துல" என்று எழுந்து போய்விடுவாள். அன்று எழுந்தாள். 'எங்க காலத்துல' என்பதோடு நின்றுவிட்டது. 

பானுப்ரியாவுக்கு வலி எடுத்தது, அழகுராஜா வேலைக்குப் போயிருந்த ஒரு முற்பகலில். அய்யம்மாள்தான் ஆட்டோ பிடித்து, டவுனில் பதிந்து வைத்திருந்த தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். வடமதுரைக்கும் சொல்லிவிட்டார்கள். காலம் மாறியிருந்தது. கூட ஒரு பெண் உள்ளே இருக்கலாம் என்று நாற்காலியே போட்டுக் கொடுத்தார்கள். "ஊசி போடுற டாக்டர் வத்தலக்குண்டுல ஒரு ஆபரேஷன் முடிச்சுட்டு வந்துக்கிட்டிருக்காரு. தாங்க முடியலேன்னா உடனே கூப்பிடுங்க. கூச்சப்படாதீங்க" என்று நர்சு பொண்ணு சிரித்துச் சொல்லிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போனாள். கூச்சப்படாதே என்று ஓர் ஆஸ்பத்திரி சொல்லி அய்யம்மாள் கேட்பது அதுதான் முதல் முறை.

அறை அமைதியாக இருந்தது. வெகு அமைதி. அய்யம்மாள் கட்டிலைப் பார்த்தாள். பானுப்ரியா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, போர்வை முனையைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டிருந்தாள். கழுத்து நரம்பு புடைத்து நின்றது.

"பானு. வலிக்குதா?"

பானுப்ரியா இல்லையென்று தலையாட்டினாள்.

அய்யம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்தாள். பாஸிலா சொல்லக் கேட்ட தலையாட்டல் இதுதான். இத்தனை வருஷமும் அவள் கண்ணால் பார்க்காமல் தப்பித்து வந்த ஒன்று. இதோ, இத்தனை பக்கத்தில்.

"துணிய எடு வாயிலருந்து. கத்து."

"வேணாம் அத்தை. ஊசி போடுற வரைக்கும் தாங்கிக்கிடுறேன். நீங்க மூணு பேரையும் சத்தமில்லாம…"

"நான் சத்தம் போட்டேன்டி!"

பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் யாரோ வந்து நின்றார்கள். செருப்பில்லாத கால் தெரிந்தது. வடமதுரை பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்த கால். அதில் இரண்டாவது விரலில் மெட்டி கோணியிருக்கும், பெற்றவளுக்குத் தெரியாதா. அய்யம்மாள் பார்த்தாள். பார்த்த பிறகும் நிறுத்தவில்லை.

"மணி பொறந்தப்ப கத்துனேன். உயிர் போற மாதிரி கத்துனேன். வாசல்ல ஆளு கூடறதுக்குள்ள எம் மாமியா பழஞ்சேலையச் சுருட்டி வாய்க்குள்ள அடச்சா. மூச்சு முட்டுச்சு. அடுத்த ரெண்டுக்கும் வலி எடுத்ததுமே அடச்சுப்புட்டா. அதான்டி வெளிய கேக்கல. வேற ஒண்ணுமில்ல." போர்வை முனையைப் பிடுங்கி எறிந்தாள். "கத்து தாயி. ஊரு கேட்டாக் கேட்டுட்டுப் போகட்டும்."

பானுப்ரியா கத்தினாள். அந்தக் காலத்துப் பாஸிலாவுக்குக் குறைவில்லாத சத்தம். நர்சு பொண்ணு ஓடிவந்தாள், பின்னாலேயே டாக்டரம்மா வந்தார், வத்தலக்குண்டுக்காரரும் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். முதுகில் ஊசி இறங்கிச் செத்த நேரத்தில் பானுப்ரியா, "அத்தை, காப்பி குடிக்கலாமான்னு கேளுங்க" என்றாள். சிரித்தாள்கூட. பிள்ளை பெற்றுக்கொண்டிருக்கும் ஒருத்தி சிரித்து அய்யம்மாள் பார்த்ததில்லை. அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படியும் முடியும் என்றால், இதற்கு முன்னால் பார்த்த முகங்களையெல்லாம் என்ன செய்வது?

சாயங்காலத்துக்குள் பெண் பிள்ளை பிறந்தது. அழுதது. அழகுராஜா வந்து பார்த்துவிட்டு மிட்டாய் வாங்க ஓடினான்.

வெளியே வராந்தா பெஞ்சின் ஓரத்தில் மணிமேகலை உட்கார்ந்திருந்தாள். அய்யம்மாள் வந்து, இடையில் ஓர் ஆள் உட்காருகிற இடத்தை விட்டு, உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் இரண்டு பேரும் எதிர்ச் சுவரில் இருந்த போலியோ விளம்பரத்தைப் படித்தார்கள்.

"யம்மா."

அய்யம்மாள் திரும்பவில்லை. திரும்பினால் அந்தச் சொல் கலைந்துவிடும் போலிருந்தது.

"அன்னைக்கு அடுப்படியில கேட்டேன்ல. ஒனக்கு வலிக்கவே இல்லையான்னு."

"கேட்ட."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல. நானும் கத்தியிருப்பேன்லம்மா."

  "எனக்குன்னு இருந்தது அந்தப் பேரு ஒண்ணுதான்டி" என்றாள் அய்யம்மாள். "அதுவும் பொய்யின்னு ஆயிருச்சுன்னா, அன்னைக்கு வாயில துணியோட கெடந்தவ யாருன்னு நானே பாக்கணுமே. பயந்துட்டேன்."

மணிமேகலை அதைக் கேட்டுக்கொண்டாள். பிறகு அழ ஆரம்பித்தாள். முதலில் மூச்சுதான் வந்தது. அப்புறம் சத்தம் வந்தது. வயிற்றுக்குள்ளிருந்து கிளம்பி, அந்த வராந்தா முழுக்கக் கேட்கும்படி, வெட்கமில்லாமல், வருஷக்கணக்காகப் பாக்கியிருந்த சத்தம். பெஞ்சுகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அய்யம்மாளின் கை பழைய வழக்கத்தில் மகளின் வாயை நோக்கி எழுந்தது. பாதியில் நின்றது. திரும்பி அய்யம்மாள் மடியிலேயே வந்து விழுந்தது.

நர்சு பொண்ணு அவசரமாக எட்டிப் பார்த்தாள். "என்னம்மா இங்க? யாருக்கு வலி?"

"எங்க ரெண்டு பேருக்கும்" என்றாள் அய்யம்மாள், பக்கத்தில் இருந்தவர்களுக்குக்கூடச் சரியாகக் கேட்காத குரலில்.